ஓய்மா நாட்டு விருந்துவழி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர் மரக்காணத்தை நெருங்கும்போது சாலையோரத்தில் வெள்ளைக் குன்றுகள் வரிசையாக நிற்பதைக் காண்பர். பாத்தியில் விளைந்ததை வாரிக் குவித்த உப்புக் குவியல்கள் அவை. சிலர் வண்டியை நிறுத்திப் படம் பிடித்துக்கொள்வதுண்டு. பெரும்பாலோர்க்கு அதற்கும் பொழுது இருப்பதில்லை. காலையில் மாமல்லபுரத்துச் சிற்பம், நண்பகலில் புதுச்சேரியில் உணவு, மாலையில் அவ்வூர்க் கடற்கரை என்று ஒருநாட் சுற்றுலாவின் கணக்கு முன்பே எழுதப்பட்டிருக்கும். மரக்காணத்தில் மேற்கே பிரிந்து திண்டிவனம் செல்லும் சாலை அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. அதன் நீளம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். அப்பக்கத்து வழியில் காணத்தக்கவை எவை, எந்த ஊரில் எதை உண்ணலாம், உணவிடுவோர் யார் என்பதையெல்லாம் சங்கப் புலவர் ஒருவர் ஒழுங்காகச் சொல்லி வைத்திருக்கிறார். ஊரையும் உணவையும் இணைத்து ஒரு சிறு நாட்டின் வழியைக் காட்டும் நூல்களுள் அதனினும் செறிவான ஒன்றைத் தமிழில் காண்பது அரிது.

அந்நூல் சிறுபாணாற்றுப்படை. பத்துப்பாட்டுள் மூன்றாவதாக வைக்கப்பெற்றது. 269 அடிகள் கொண்டது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாடப்பெற்றவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். ஓய்மா நாடு என்பது இன்றைய திண்டிவனத்தையும் அதனைச் சூழ்ந்த பகுதியையும் கொண்ட நிலம்; அப்பெயர் பிற்காலச் சோழர் கல்வெட்டுகளிலும் தொடர்ந்து வழங்கியது. சிறிய யாழை உடைய பாணரைப் பற்றியதாதலின் நூல் சிறுபாணாற்றுப்படை எனப்பட்டது. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் பாணனை மராமரத்தின் கோடுபட்ட நிழலில் கண்டு, தான் சென்றுவந்த வழியில் அவனையும் ஆற்றுப்படுத்துவதே பாட்டின் அமைப்பு.

பத்துப்பாட்டில் ஆற்றுப்படைகள் ஐந்து. அவற்றுள் பெரும்பாணாற்றுப்படை காஞ்சிக்கும், மலைபடுகடாம் செங்கண்மாவுக்கும், சிறுபாணாற்றுப்படை கிடங்கிலுக்கும் வழி காட்டுகின்றன. மூன்றும் தமிழகத்தின் வட பகுதியைச் சேர்ந்தவை. இன்றைய நிலையில் காலையில் புறப்பட்டால் மூன்று தலைநகரங்களையும் ஒரே நாளில் பார்த்துவிட இயலும். மதுரையையும் பூம்புகாரையும் பேசிய அளவுக்கு இப்பகுதியின் சங்ககாலச் சிறப்பைத் தமிழுலகம் பேசியதில்லை என்பது இங்கே நினைவுகூரத் தக்கது.

வழியைச் சொன்ன புலவர் தொலைவிலிருந்து கேள்விப்பட்டுச் சொன்னவரல்லர். இடைக்கழிநாடு என்பது கழிகளுக்கு இடைப்பட்ட நிலம். ஒருபுறம் கடல், மறுபுறம் உப்பங்கழி. மரக்காணத்திற்கு வடக்கே கடலோரமாக, இப்போது செங்கற்பட்டு மாவட்டத்தில், அதே பெயரோடு அது இன்றும் உள்ளது. தாழையும் புன்னையும் செருந்தியும் எந்த மணலில் எப்படிப் பூக்கும் என்று அவர் பாடுகையில், வாயிற்படியிலிருந்து எட்டிப் பார்த்தவரின் தெளிவு அதில் தெரிகிறது. தாம் வாழ்ந்த கரையைத்தான் அவர் பாணனுக்குக் காட்டுகிறார்.

வழிச்செலவு தொடங்குவதற்கு முன்பே நூலில் ஓர் அட்டில் வருகிறது. உணவைப் பற்றிய இப்பாட்டில் முதலில் காணப்படும் சமையலறை அதுதான். அங்கே அடுப்பெரியவில்லை. கூரை மரங்கள் சரிந்து வீழ்ந்திருக்கின்றன. பழஞ்சுவரைக் கரையான் அரித்துத் தள்ளிய புழுதியில் காளான் பூத்திருக்கிறது. அண்மையில் ஈன்ற நாய் ஒன்று அங்கே கிடக்கிறது. கண் திறவாத, காது மடிந்த குட்டிகள் பாலற்ற முலையைப் பற்றி இழுக்க, அவ்வலி பொறாமல் அது குரைக்கிறது. அந்த வீட்டுப் பெண் பசியால் இடை ஒடுங்கியவள். குப்பை மேட்டில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேகவைக்கிறாள். போடுவதற்கு உப்பு இல்லை. வெந்ததைச் சுற்றத்தோடு கூடி உண்ணும்போது, பிறர் வறுமையை எள்ளி நகைக்கும் அறிவிலிகள் பார்த்துவிடக் கூடாதென நாணி வாயிற்கதவை அடைத்துக்கொள்கிறாள்.

வறுமையைப் பாடிய சங்கப் பாடல்கள் பல. புறநானூற்றில் அடுப்பில் காளான் பூத்ததும் உண்டு. பால் சுரவாத தாயின் முகம் பார்த்து அழும் குழந்தையும் உண்டு. எனினும் இவ்விடத்துச் சிறப்பு அந்தக் கதவில் உள்ளது. பசியைக்கூடப் பொறுத்துவிடலாம், உண்பது இன்னதென்று ஊருக்குத் தெரிவதைப் பொறுக்க இயலாது. கீரையும் உப்பில்லாக் கீரை. சோறில்லாத வீட்டிலும் உப்பு இருக்கும் என்பதே உலக வழக்கு. அதுவும் இல்லாத நிலையைப் புலவர் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

இதில் பலரும் விரைந்து கடந்துவிடும் ஒரு செய்தி உள்ளது. அவ்வட்டில் எதிரே வந்த ஏழைப் பாணனுடையதன்று. வழி சொல்லும் பாணனின் வீட்டுக்கு உரியது. யானையும் தேரும் பெற்றுத் திரும்புகிறவனே தன் வீட்டின் அந்நாளைய நிலையை முன்பின் அறியாத ஒருவனிடம் நடுவழியில் எடுத்துரைக்கிறான். உள்ளே தாழிட்டு மறைக்கப்பட்டதை இப்போது அவனே திறந்து காட்டுகிறான். வயிறு நிறைந்தபின் அச்செய்தியில் நாணுவதற்கு அவனுக்கு ஒன்றுமில்லை. கேட்பவனுக்கோ அதைவிட நம்பத்தக்க சான்று வேறில்லை. நல்லியக்கோடனின் கொடையைப் புகழும் அடிகள் பல இருக்க, அவன் புகழுக்கு மெய்யான ஆதாரமாக நிற்பது இந்தக் கீரைதான்.

வஞ்சி, மதுரை, உறந்தை ஆகிய மூவேந்தர் தலைநகரங்களும் நல்லியக்கோடன் தரும் பரிசிலுக்கு முன்னால் வறியனவே என்று பாட்டுக் கூறுகிறது. பேகன், பாரி, காரி, ஆய், அதிகன், நள்ளி, ஓரி என்னும் எழுவர் தாங்கிய ஈகைச் சுமையை இவன் ஒருவனே தாங்கினான் என்றும் சொல்கிறது. புகழ்மொழியில் மிகை இருக்கலாம். ஆயினும் எழுவரும் இறந்துபட்ட காலத்தில் நின்று பாடப்பட்டது இந்நூல் என்பது இதனால் விளங்கும். பாண்டிய நாட்டுக் கொற்கையைச் சொல்லும் இடத்தில் உமணரின் உப்பு வண்டி ஒன்று வருகிறது. வண்டியோடு வந்த மந்தி, கிளிஞ்சலுக்குள் முத்தை இட்டு, உமணர் பிள்ளைகளோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. உப்பில்லாக் கீரை வெந்த அதே பாட்டில்தான் முத்தை விளையாட்டுப் பொருளாக்கும் உப்பு வாணிகரும் உள்ளனர்.

இனி வழி தொடங்குகிறது. முதலாவது ஊர் நெய்தல் நிலத்தது. புலவர் அதன் பெயரை நேரே சொல்லவில்லை. மதிலின் பெயரைக் கொண்ட பட்டினம் என்று குறிப்பால் உணர்த்துகிறார். மதிலுக்கு எயில் என்றும் பெயர். ஆதலின் அது எயிற்பட்டினம் என நச்சினார்க்கினியர் உரை கண்டார். கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய செங்கடற் பயண நூலில் சோழமண்டலக் கரைத் துறைகளாகக் கமரா, பொதுகே, சோபட்மா என்னும் மூன்றும் குறிக்கப்பட்டுள்ளன. 'சோ' என்பதும் தமிழில் மதிலரணைக் குறிக்கும் சொல்லே. எனவே சோபட்மா சோப்பட்டினமாகவும், அதுவே எயிற்பட்டினமாகவும், அது இன்றைய மரக்காணமாகவும் இருக்க வேண்டும் என்று ஆய்வாளர் பலர் கொள்வர். பொதுகே என்பது புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு. அங்கே 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் உரோமானிய மட்கலங்கள் வெளிப்பட்ட பின்னர், இக்கரையைப் பற்றிய கிரேக்கக் குறிப்புகளை வெறுங்கதை என்று ஒதுக்க எவருக்கும் மனம் வரவில்லை.

அக்கரையில் பாணன் காணும் காட்சி ஒன்று இன்றைய பயணியையும் நிறுத்திவிடும். அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள், நெடிய ஒட்டகங்கள் படுத்துறங்குவதுபோல மணலில் கிடக்கின்றன. ஒட்டகத்தைத் தமிழ்க் கடற்கரைக்கு உவமையாகக் கொண்டுவந்த துணிவு நத்தத்தனாருடையது. ஒட்டகம் எப்படிப் படுக்கும் என்பதைக் கண்டவரோ கேட்டவரோ அக்கரையில் இருந்தனர் என்பதற்கு இதுவே சான்று. துறைமுகம் என்றால் அப்படித்தான் இருக்கும். அக்கட்டைகளே அடுப்புக்கு விறகாகின்றன. நுளைமகள் வடித்த பழைய தெளிவைப் பரதவர் வார்த்துக் கொடுக்க, உலர்ந்த குழல்மீனைச் சுட்டதும் உடன் கிடைக்கிறது. அயல்நாட்டிலிருந்து மிதந்து வந்த நறுமண விறகில் ஏழை மீனவர் மீன் சுடுவதைக் காட்டும் இவ்விருந்து பொருளாதார வரலாற்றாசிரியர்க்கும் பயன்படும்.

இன்று மரக்காணத்தில் மதிலில்லை; துறைமுகமும் இல்லை. பூமீசுவரர் கோயில் சோழர் காலக் கற்றளியாக நிற்கிறது. உலர்ந்த மீன் மட்டும் அன்றிருந்தவாறே இருக்கிறது. மீனவர் குப்பங்களின் மணலில் கருவாடு காய்வதை எவரும் காணலாம். பழந்தெளிவின் கதை வேறு விதமாக முடிந்தது. 2023-ஆம் ஆண்டு மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் அதன் அருகிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நுளைமகள் தன் கையால் வடித்து விருந்தினர்க்கு ஈந்ததற்கும், முகமறியாத ஒருவன் வாணிகத்துக்காகக் கலந்ததற்கும் இடையே உள்ள தொலைவை அக்குப்பத்தார் அறிவர்.

உப்பளங்கள் மரக்காணத்தின் இன்றைய அடையாளம். தமிழகத்தின் பெரிய உப்பளங்களுள் ஒன்று இது. பருவமழை ஓய்ந்தபின் பாத்திகளைச் சீராக்கிப் பதப்படுத்துவர். வெயில் ஏறியதும் உப்பு விளையத் தொடங்கும். அடுத்த மழை வரும்வரை வாருதல் நடைபெறும். வெள்ளைப் பரப்பின் ஒளி கண்ணைக் கூசச் செய்யும். உப்புநீரில் நிற்கும் கால்கள் வெடிக்கும். மழை முந்தினால் குவித்ததும் கரையும், கூலியும் கரையும். நூலில் எயிற்பட்டினத்தை வருணிக்குமிடத்தில் உப்பளம் பேசப்படவில்லை. ஆனால் உப்பில்லாத அட்டிலிலிருந்து புறப்பட்டவனின் முதல் விருந்து இந்தக் கரையில் அமைந்தது என்பதை, உப்புக் குவியல்களின் நடுவே நின்று எண்ணிப் பார்ப்பவர் எளிதில் மறக்கமாட்டார்.

மரக்காணத்துக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் பரந்து கிடப்பது கழுவெளி. கடல்நீரும் மழைநீரும் கலக்கும் பெரிய நீர்ப்பரப்பு. எடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியே கடலோடு தொடர்புடையது. குளிர்காலத்தில் தொலைநாட்டுப் பறவைகள் இங்கே வந்து தங்குகின்றன. 2021-ஆம் ஆண்டு இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவை காண வருவோர்க்குக் கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம்.

கடலை விட்டு உள்நாட்டிற்குள் சென்றால் நிலம் முல்லையாகிறது. அவரைப் பூவும் முசுண்டைப் பூவும் காந்தளும் விரிந்த புறவு வழியே இரண்டாவது ஊராகிய வேலூர் வருகிறது. இது கோட்டையும் மருத்துவமனையும் உள்ள வடபுலத்து வேலூரன்று. மரக்காணத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட பகுதியிலுள்ள உப்புவேலூர் என்று கொள்வர். அவ்வூர்ப் பெயர்க்கு ஒரு கதை உண்டு. பகைவர்க்கு அஞ்சிய நல்லியக்கோடன் முருகனை வழிபட, முருகன் கனவில் தோன்றி, ஊர்க் கேணியில் பூத்த பூவைப் பறித்துப் பகைவர்மேல் எறியுமாறு பணித்தான். எறிந்த பூ வேலாயிற்று. நச்சினார்க்கினியர் தரும் செய்தி இது. பகையை வென்ற படைக்கலம் கேணிப் பூவாக இருந்தது என்னும் கற்பனையில் அம்மக்களின் மென்மை தெரிகிறது. ஊர்ப்பெயரின் முன்னே உப்பு எப்போது வந்து ஒட்டியது என்பதற்கு எழுத்துச் சான்று தேட வேண்டியதில்லை. கடற்கரை உப்பு உள்நாட்டுக்குச் செல்லும் திசையில் ஊர் அமைந்திருப்பதே போதும்.

வேலூரில் எயினர் குலப் பெண்கள் சமைத்த இனிய புளிச்சோறு சுடச்சுடக் கிடைக்கும். கூடவே ஆமானின் சுட்ட இறைச்சி. ஆமான் என்பது காட்டுமாடு. இவ்விரண்டாம் உணவை இன்றைய பயணி முழுமையாகப் பெற வழியில்லை. அந்த விலங்கு இச்சமவெளியை விட்டு மறைந்து எத்தனையோ தலைமுறைகள் ஆகிவிட்டன; மலைக்காடுகளில் எஞ்சியிருப்பதையும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. புளிச்சோறு மட்டும் எஞ்சியது. அது எஞ்சிய விதமும் வியப்புக்குரியது. திண்டிவனம் என்னும் பெயர், புளிய மரத்தைக் குறிக்கும் திந்திரிணி என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. புளியங்காடு என்பது பொருள். அவ்வூர்ச் சிவபெருமானும் திந்திரிணீசுவரர். சங்கப் புலவர் சோற்றில் காட்டிய புளி, பிற்காலத்தில் ஊருக்கும் இறைவனுக்கும் பெயராகிவிட்டது. இப்பகுதியினர் வெளியூர்ப் பயணத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு புறப்படுவது இன்றும் வழக்கில் உள்ளது.

மூன்றாவது ஊர் ஆமூர். திண்டிவனத்தை அடுத்த நல்லாமூரே அது என்பர். இங்கே நிலம் மருதம்; தண்ணிய வயல்கள். நீர்நிலையில் மீன்கொத்தி மீனைக் கவ்விய காட்சியையும், தாமரையில் வண்டு மொய்க்கும் காட்சியையும் காட்டிவிட்டுப் புலவர் உழவர் வீட்டு வாயிலுக்கு அழைத்துச் செல்கிறார். பெண்யானையின் துதிக்கைபோலப் பின்னல் தாழ்ந்த உழவர் தங்கை வழிமறிக்கிறாள். தன் பிள்ளைகளை முன்னிட்டுத் தடுக்கிறாள் என்றும், பெற்ற பிள்ளைகளைப் பேணும் முறையில் தடுக்கிறாள் என்றும் இருவகையாகப் பொருள் கொள்ள இடம் உண்டு. இரண்டும் விருந்தோம்பலே. உலக்கையின் இரும்புப் பூண் தேயும்வரை குற்றித் தீட்டிய அரிசியின் வெண்சோற்றுத் திரள், பிளந்த கால்களையுடைய நண்டின் கலவையோடு இலைக்கு வருகிறது.

அரிசி வெண்மை என்று சொன்னால் போதும். உலக்கைப் பூண் தேய்ந்ததைச் சொன்னதால் குற்றிய கைகளும் தெரிகின்றன. அந்த நண்டில் மிளகாய் இல்லை என்பதை இன்றைய சுவைஞர் நினைவிற் கொள்ள வேண்டும். மிளகாய் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வாயிலாக வந்தது 16-ஆம் நூற்றாண்டில்தான். உறைப்புக்கு அன்று மிளகு. அவ்வாறே இப்பகுதிப் புன்செய்களை இன்று நிறைக்கும் நிலக்கடலையும் தென்னமெரிக்காவில் தோன்றிய பயிர். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை வகைகள் அவ்வூரின் சுருக்கப் பெயரையே தாங்கி நாடெங்கும் விதைக்கப்பட்டன. கோடையில் நெடுஞ்சாலை ஓரமெங்கும் குவித்து விற்கப்படும் தர்ப்பூசணியும் சேர்ந்து ஓய்மா நாட்டு உணவின் முகத்தை மாற்றிவிட்டன. நண்டும் சோறும் மாறவில்லை.

மூன்று ஊர்களிலும் உணவிட்டவர் எவர் என்பது கருதத்தக்கது. நுளைமகளும், எயினர் பெண்டிரும், உழவர் தங்கையும் ஆகிய இவர்கள் அரசனின் ஏவலர் அல்லர். தம் வீட்டில் உள்ளதை, தம் நிலத்தில் விளைந்ததை, பாடிப் பிழைக்கும் வழிப்போக்கனுக்குத் தருகின்றனர். உப்பில்லாக் கீரையை அவித்தவளும் ஒரு பெண்ணே. நூல் முழுவதும் அடுப்பைச் சுற்றிப் பெண்களே நிற்கின்றனர். அரசன் கடைசியில்தான் வருகிறான். வள்ளல் ஒருவனின் கொடையைப் பாட வந்த நூல், அவன் நாட்டுக் குடிகளின் கொடையை அவனுக்கு முன்னே வைத்துப் பாடியிருப்பதை நல்லியக்கோடன் குறையாகக் கருதியிருக்கமாட்டான்.

ஆமூருக்கும் அவனது மூதூருக்கும் இடையே நெடுந்தொலைவில்லை என்று பாணன் ஊக்குகிறான். நல்லியக்கோடனைக் கிடங்கிற் கோமான் என்று நூல் பெயரிட்டே சொல்கிறது. கிடங்கில் இன்று தனி ஊரன்று. கிடங்கல் என்னும் பெயரோடு திண்டிவனம் நகரத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. அந்த மூதூரின் வாயிலைப் பற்றிப் புலவர் கூறுவது, தொடக்கத்தில் கண்ட கதவுக்கு நேர் எதிரானது. பொருநர்க்காயினும் புலவர்க்காயினும் அந்தணர்க்காயினும் அவ்வாயில் அடைக்கப்படுவதில்லை; தெய்வ மலை ஒன்று கண் திறந்து பார்ப்பதுபோல அது திறந்தே இருக்கிறது. வறியவள் நாணி மூடிய கதவுக்கும் வேந்தன் மூடாத வாயிலுக்கும் இடையே பாணன் காட்டும் வழி நடந்து முடிகிறது.

உள்ளே நான்காவது விருந்து. மூங்கிலின் உட்தோல் போன்ற மெல்லிய ஆடை தரப்படுகிறது. வெகுண்ட பாம்பின் நஞ்சு ஏறுவதுபோல ஏறும் தேறல் தரப்படுகிறது. பின் காண்டவ வனத்தைத் தீக்கு இரையாக்கிய அருச்சுனனின் தமையன் வீமன் இயற்றிய மடைநூலின் முறை வழுவாமல் சமைத்த பலவகை அடிசில், கோள்கள் சூழ்ந்த இளஞாயிறு போன்ற பொற்கலத்தில் பரிமாறப்படுகிறது. முன்னைய மூன்று உணவுகளுக்கும் பெயர் சொல்லி, பக்குவம் சொல்லி, விறகுகூடச் சொன்ன புலவர், அரண்மனை உணவில் ஒரு கறியின் பெயரையும் சொல்லாமல் விட்டது வியப்பே. பொற்கலத்தின் ஒளிதான் தெரிகிறது. சுவை நாவில் நிற்பது கருவாட்டிலும் புளிச்சோற்றிலும் நண்டிலுமே. ஆயினும் ஒரு செய்தி அரசனை உயர்த்திவிடுகிறது: ஏவலரை நிறுத்தாமல், விருந்தினர் விரும்புவது எது என்று பார்த்து, தானே அருகில் நின்று ஊட்டுகிறான். ஆமூரில் உழவர் தங்கை செய்ததையே அவனும் செய்கிறான்.

கிடங்கிலின் பெருமை நல்லியக்கோடனோடு தொடங்கி முடிவதன்று. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் பாடியுள்ள கிடங்கிற் காவிதிக் கீரங்கண்ணனார், கிடங்கிற் காவிதிப் பெருங்கொற்றனார், கிடங்கிற் குலபதி நக்கண்ணனார் முதலியோர் இவ்வூரினர். காவிதி என்பது அரசு வழங்கிய பட்டம். நல்லியக்கோடனின் முன்னோர்க்குரியதாகக் கூறப்படும் மாவிலங்கை, திண்டிவனத்தை அடுத்த கீழ்மாவிலங்கை எனப்படுகிறது. ஈழத்து இலங்கையோடு இதனை மயங்கியவர்களும் உண்டு. புறநானூற்று 176-ஆம் பாட்டில் புறத்திணை நன்னாகனார் அந்நாட்டு இளம்பெண்களைக் காட்டுகிறார். பன்றி உழுத சேற்றைக் கிளறி, ஆமை இட்ட முட்டையையும் ஆம்பற் கிழங்கையும் அவர்கள் எடுத்துக்கொள்கின்றனர். ஓய்மா நாட்டில் விளையாட்டும் உணவில்தான் முடிந்திருக்கிறது. நேரம் மிகுந்த பயணி, விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் மண்டகப்பட்டில் இறங்கலாம். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி மும்மூர்த்திகளுக்கு எடுத்த கோயில் என்று முதலாம் மகேந்திரவர்மன் கல்லில் பொறித்த குடைவரை அங்குள்ளது.

இதே வழிகள் வயிற்றுக்குச் சோறின்றி நடந்தவர்களையும் கண்டிருக்கின்றன. 1760-ஆம் ஆண்டு சனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றபின் ஆங்கிலேயர் இப்பக்கத்துக் கோட்டைகளை ஒவ்வொன்றாகக் கைப்பற்றினர். திண்டிவனத்துக்குக் கிழக்கே பெருமுக்கல் மலைக்கோட்டையை அயர் கூட்டின் படை வென்றது. நத்தத்தனாரின் இடைக்கழிநாட்டில், கடப்பாக்கத்தை அடுத்து நின்ற ஆலம்பரைக் கோட்டை அதே ஆண்டில் வீழ்ந்து சிதைக்கப்பட்டது. நாணயம் அச்சிடப்பட்ட அத்துறையின் இடிந்த சுவர்களைக் கழியோரத்தில் இன்றும் காணலாம். பின் புதுச்சேரி முற்றுகையிடப்பட்டது. உணவு குறையவே, உண்ணும் வாய்களைக் குறைக்கவென்று நகரத்துத் தமிழ் மக்களை லாலி வெளியேற்றினான். இரு படைகளுக்கும் நடுவே அவர்கள் நின்றனர். எந்த வாயிலும் திறக்கவில்லை. 1761-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் நகரம் பணிந்தது. கால் நூற்றாண்டாக இக்கரையின் அன்றாடத்தை நாட்குறிப்பில் எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாள் முன்புதான் மறைந்தார். பட்டினியோடு அம்மக்கள் எத்திசையில் நடந்தனர், எந்த ஊரில் எந்த உழவர் தங்கை அவர்களை மறித்துச் சோறிட்டாள் என்பதை ஆற்றுப்படையாகப் பாட அன்று நத்தத்தனார் எவரும் இல்லை.

நத்தத்தனாரின் பாட்டே நெடுங்காலம் ஏட்டுக்குள் இருந்தது. உ.வே. சாமிநாதையர் 1889-ஆம் ஆண்டில் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த பின்னரே கிடங்கலில் வாழ்வோர் தம் தெருப்பெயருக்குப் பின்னால் ஓர் அரசன் இருப்பதை அச்சில் காண முடிந்தது. அதற்கு முன்பே இருப்புப்பாதை வந்துவிட்டது. விழுப்புரம் சந்திப்பாகி வளர்ந்தது. 1993-ஆம் ஆண்டு பிரிக்கப்பட்ட மாவட்டத்திற்கும் அவ்வூரே தலைமையாயிற்று. ஊர்களின் அடையாளம் பற்றிய ஆராய்ச்சியில் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆமூரைச் சொல்லும் அடிகளில் உள்ள கிடங்கு என்னும் சொல் அகழியையே குறிக்கும் என்பாரும், ஊரைக் குறிக்கும் என்பாரும் இருக்கின்றனர். எனினும் கடல், புறவு, வயல், மூதூர் என்னும் நிலவரிசை மரக்காணம், உப்புவேலூர், நல்லாமூர், திண்டிவனம் என்னும் ஊர்வரிசையோடு பொருந்துவதை மறுத்துரைத்தவர் சிலரே. காலால் நடந்து பார்ப்பவர்க்கு அப்பொருத்தம் உரையின்றியே விளங்கும்.

ஒருநாளில் போய்வரும் பயணம் என்பது இக்காலத்தார் கண்டதுபோலத் தோன்றும். நல்லியக்கோடன் பரிசில் தரும் முறையைச் சொல்லும்போது புலவர் அது அன்றைக்கே தரப்படும் என்கிறார். பாணன் அவன் முன்னே யாழ் இசைத்து, உண்டு, உடுத்து, தேரும் பாகனும் பெற்று அந்நாளிலேயே விடைபெறலாம். பொருநராற்றுப்படையில் கரிகாலனின் விருந்து வேறுவகை. பொருநன் பலநாள் இருந்து உண்கிறான்; இறைச்சி தின்று தின்று, கொல்லை உழுத கொழுப்போலப் பற்கள் மழுங்குகின்றன. இனி ஊர்க்குச் செல்கிறேன் என்றதும் கரிகாலன் சினந்தவன்போல நோக்குகிறான். அது பேரன்பு, பேரரசன் வீட்டு அன்பு. சிற்றரசனாகிய கிடங்கிற் கோமானோ, உண்டவனை அதே நாளில் தேரேற்றி வழியனுப்புகிறான். வாயிற்கதவை அடைத்துக்கொண்டு, வெந்த கீரையைச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்பவள் ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்பதை அவன் அறிந்தவன் போலும்.